எட்டாவது கம்பி ரயிலில் வருகிறது

பெங்களூரிலிருந்து தங்கவயல் போகும் மாலை ரயிலில் நான் செய்த முதல் காரியம் அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்தது. இடம் காலியாகத்தான் இருந்தது. ஓரத்தில் மடித்த கைக்குட்டை ஒன்று கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அதை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தேன். பகல் முழுக்கப் பஸ்ஸில் வந்த இடுப்புக்கு அது சொர்க்கமாக இருந்தது.

எதிரே நீலநிற செக்யூரிட்டிச் சட்டை போட்டவர் கைக்குட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

“அது மணி சீட்டுங்க,” என்றார்.

“ரிசர்வ் பண்ணியிருக்காரா?”

“ரிசர்வெல்லாம் இல்லிங்க. வருசக்கணக்கா அவன் அங்கதான் குந்துறான். கே.ஆர்.புரத்துல ஏறுவான். முன்னாடி ஏறுற ஆளு கர்ச்சீப் போட்டு வெச்சிருவோம். பரவாயில்ல, நீங்க குந்துங்க.”

கே.ஆர்.புரத்தில் மணி ஏறினார். என்னைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். நான் எழுந்தேன். “லேடீஸ், குந்துங்க,” என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். எங்கள் ஊர் பஸ்ஸாக இருந்தால் இதற்குள் நாலு தலைமுறையை இழுத்திருப்பார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. பங்காருபேட்டை வரைக்கும் அவர் நின்றார், நான் நெளிந்தேன்.

ரயில் அதற்குள் ஒரு தெருவாக மாறியிருந்தது. ஒருவர் பட்டாணி உரித்தார். நாலு பேர் சீட்டாடினார்கள். ஒரு பெண் தன் மாமியாரைப் பற்றித் தமிழில் தொடங்கி, கன்னடத்தில் சூடாகி, மறுபடியும் தமிழில் முடித்தாள். அதிகாலையில் கிளம்பி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் இவர்கள். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூர்தான் இவர்களுக்குச் சுரங்கம். ரயிலேறுவதை இன்னும் ஷிப்டுக்குப் போவது என்றுதான் சொல்கிறார்கள்.

நீலச் சட்டைக்காரர் மெதுவாகக் கேட்டார். “எந்த லைனுக்குப் போறீங்க?” லைன் என்றால் சுரங்கக் காலத்து வரிசை வீடுகள். விமலா அக்கா வீடு என்று சொல்லி, நந்திதுர்க் பக்கம் என்றேன். பெட்டியே சிரித்தது.

“டிரோன்காரம்மா நீங்கதானா? அது என் வூடுதாங்க,” என்றார் அவர். பெயர் ஆனந்தன். விமலாவின் கணவர்.

இனி என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா. டிரோன் வந்த பிறகு மண்டபத்தை மேலிருந்து ஒரு சுற்றுச் சுற்றினால்தான் கல்யாணம் செல்லும் என்றாகிவிட்டதால், அதையும் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். ஆனால் என் உண்மையான கைத்திறமை ஆல்பத்தில் இருக்கிறது. கோபித்துக்கொண்டு போன சித்தப்பாவைக் குடும்பப் படத்திலிருந்து தடயமே இல்லாமல் எடுத்துவிடுவேன். துபாயில் மாட்டிக்கொண்ட தாய்மாமனைக் கொண்டுவந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். விமலா அக்காவின் தங்கை மகள் திண்டுக்கல்லில்தான் வாழ்க்கைப்பட்டாள். அந்தக் கல்யாணத்தில் என் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா என்னைக் கூப்பிட்டார். “ஒரே ஒரு படம்மா. மேலேருந்து,” என்றார். தங்கவயல் என்றதும் வேறு எதுவும் கேட்காமல் சரி என்றேன். புது ஊர் என்றால் எனக்குக் கை அரிக்கும்.

ரயில் ஊரைத் தொட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து லைனுக்குப் போகும் மண்பாதையில் விளக்கு இல்லை. எதிரே வந்தவர்கள் கையில் போன் டார்ச் இருந்தது. பக்கத்தில் வந்ததும் ஒவ்வொருவரும் வெளிச்சத்தை என் முகத்திலிருந்து இறக்கி, என் காலடியில் போட்டு, நான் கடந்த பிறகு எடுத்துக்கொண்டார்கள். பெண் பிள்ளை என்று மரியாதை கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

மறுநாள் கண் விழித்தபோது ஆனந்தன் ஷிப்டுக்குப் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. விமலா அக்கா தட்டை நீட்டினார். இட்லி, அதன்மேல் போட்டிக் குழம்பு. ஆட்டுக்குடலை நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சமாசாரமாகவே நினைத்திருந்தேன். காலை ஏழரை மணிக்கு இட்லியோடு அது இவ்வளவு ஒத்துப்போகும் என்று தெரியாமல் நாற்பத்து நாலு வருடத்தை வீணாக்கியிருக்கிறேன்.

“இன்னா இப்டி பாக்கற? துன்னு. நாளைக்கு பௌர்ணமி, கறி கெடையாது,” என்றார் அக்கா.

விமலா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெங்களூரில் ஒரு தையல் ஃபேக்டரியில் துணி வெட்டும் பிரிவில் சூப்பர்வைசர். இவர்கள் சுரங்கக் காலத்திலேயே பௌத்தத்தைத் தழுவிய குடும்பம். வைகாசிப் பௌர்ணமி அன்று மைதானத்தில் எல்லோரும் அகல்விளக்கோடு நின்று ஒரு சக்கரம் அமைப்பார்கள். வட்டத்தில் கொஞ்சம் பேர், நடுவிலிருந்து வட்டத்துக்கு எட்டு ஆரக்கால். ஆரக்காலை அங்கே கம்பி என்றுதான் சொல்கிறார்கள், சைக்கிள் சக்கரத்துக்குச் சொல்வதைப் போல. ஏழு லைன்களுக்கு ஏழு கம்பி. எட்டாவது, பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு.

போன வருடம் இதைப் படம் எடுக்க உள்ளூர்க்காரர் ஒருவரைத் தண்ணீர் தொட்டிமேல் ஏற்றினார்களாம். அக்கா அந்தப் படத்தைப் போனில் காட்டினார். நான் சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டேன்.

“உருளக்கெழங்கு. தெரியுதில்ல? ராபர்ட்சன்பேட்டைல காய்கறிக் கடைக்காரன்கூட கேட்டான், ‘இன்னாக்கா, இந்த வருசமும் கெழங்குதானா’ன்னு. நான்தான் ஆளாளுக்குப் போன் பண்ணி வரவெச்சவ. இந்த வாட்டியும் கெழங்கு வந்துச்சின்னா அடுத்த வருசம் ஒருத்தரும் வரமாட்டாங்க.”

ஆகவே அந்த ஒரு படத்தில் அக்காவின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டோ பிடித்து ராபர்ட்சன்பேட்டை போனோம். போலீஸ் நிலையத்தில் இரவுப் பறப்புக்கு ஏற்கெனவே வாங்கிய அனுமதியைக் காட்டி, எழுதிக் கொடுத்தோம். கடைத்தெருவில் மாம்பழம் மலிந்து கிடந்தது. தமிழில் விலை கேட்டேன், தெலுங்கில் சொன்னார், கன்னடத்தில் பேரம் பேசினார் அக்கா, தமிழில் திட்டினார், பழம் வந்தது. திரும்பும்போது ஆட்டோ ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி அதன் பின்பக்கம் ஒரு உதை விட்டதும் கிளம்பியது. எங்கள் ஊர் ஆட்டோக்களுக்கும் இந்த வைத்தியம்தான்.

மைதானத்தில் அக்கா வேலை செய்ததை நின்று பார்த்தேன். நடுவில் ஒரு முளை, அதில் கயிறு, கயிற்று முனையில் சுண்ணாம்புப் பொடி. சட்டைக் கைக்குழிக்கு வளைவு வரைகிறவரின் கை அது. எங்கும் தடுமாறவில்லை. எங்களுக்குள் ஒரே ஒரு தகராறு வந்தது. சக்கரத்தின் நடுவை எனக்காகக் காலியாக விடச் சொல்லியிருந்தேன். அவர் மூன்றடிக்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

“பத்தாதுக்கா. பத்துத் தப்படி வேணும், எல்லாப் பக்கமும்.”

“உன் மிசினு தாம்பாளத்தவிட சின்னதா கீது. அதுக்கு எதுக்கு அவ்ளோ எடம்?”

நான் விளக்கினேன். இந்த நடுவிலிருந்து நேராக மேலே போகும், நேராகக் கீழே வரும். யார் தலைக்கு மேலும் அது போகக் கூடாது. பேட்டரி போய் விழுந்தால், இல்லை இறக்கை ஒன்று உடைந்தால், காலி மண்ணில் விழ வேண்டும். இறங்கும்போது கிளம்பும் காற்றில் பக்கத்து விளக்கெல்லாம் அணைந்துவிடும். செயற்கைக்கோளை வைத்து அது தானாகவே புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடும், ஆனால் பத்தடி தள்ளி இறங்கினாலும் அதற்குக் கவலை இல்லை. எனக்குக் கவலை. அக்கா யோசித்தார். கம்பிகளையெல்லாம் அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஒரு ஒத்திகைக்கு டிரோனை ஏற்றிப் பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு மேலிருந்து அச்சு அசல் சக்கரம். என்னிடம் மூன்று பேட்டரி. அதில் ஒன்று ஒத்திகைக்கே செலவானது. பரவாயில்லை, ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். சாயங்காலம் ஆலங்கட்டியோடு மழை கொட்டியது. ஒரு மரக்கிளை மின்கம்பியில் சாய்ந்து, லைனிலிருந்து ராபர்ட்சன்பேட்டை வரைக்கும் இருட்டானது.

மூன்றாம் நாள் காலையில் மழை கரைத்த கோடுகளை அக்கா திரும்பவும் போட்டார், கரண்ட் மட்டும் வரவில்லை. மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்றார்கள். மத்தியானம், சாயங்காலத்துக்குள் என்றார்கள். இந்தப் பதிலில் மட்டும் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

இங்கே என் புத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லைனுக்குப் பின்னால் சயனைடு மேடு இருக்கிறது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையானது. வந்த நாளிலிருந்து அது என்னை இழுத்துக்கொண்டே இருந்தது. உச்சி தட்டையாக, ஓரமெல்லாம் மழை அரித்து மடிப்பு மடிப்பாக. மேலே என்னதான் இருக்கும்? ஐந்து மணி வெயிலில் அது பொன்னிறமாக மாறியதும் என்னால் தாங்க முடியவில்லை. கரண்ட் எப்படியும் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டாவது பேட்டரியைப் போட்டு டிரோனை அங்கே அனுப்பினேன். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மடிப்புகளுக்குள் நிழல் நீலமாக இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். திரும்பக் கொண்டுவந்து இறக்கியபோது அதில் மிச்சம் நாற்பத்தொரு சதவீதம். கரண்ட் வரவில்லை.

இருட்டத் தொடங்கியதும் மைதானம் நிறைந்தது. ஆண்டர்சன்பேட்டையிலிருந்துகூட வந்திருந்தார்கள். வெள்ளைப் புடவை, வெள்ளைச் சட்டை, கையில் அகல். ஏழு கம்பிகளும் சுண்ணாம்புக் கோட்டில் நின்றன. எட்டாவது கோட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்குப் போனவர்களுக்காக வீட்டார் ஆளுக்கொரு இடத்தில் துண்டும் கைக்குட்டையும் போட்டு, காற்றில் பறக்காமல் மேலே கல் வைத்திருந்தார்கள். ரயில் பெட்டியில் செய்வதை மைதானத்திலும் செய்திருந்தார்கள். முதல் கல்லின் கீழே நான்காக மடித்த கைக்குட்டை. அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ரயில் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் முழு பேட்டரியைப் போட்டு டிரோனை ஏற்றினேன். நல்லவேளை, ஏற்றினேன். வட்டம் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு மறுபடியும் கிழங்காகிக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அக்கா பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கியில் விரட்டினார். “அஞ்சாவது கம்பி, சொல்ப பின்னால போங்க. சாந்தி, நீ இல்ல, உன் பக்கத்துல கீறவங்க.” கால் மணி நேரத்தில் வட்டம் ஒழுங்காக வந்தது. ஏழு கம்பியும் தீட்டின மாதிரி நின்றன. எட்டாவது மட்டும் கறுப்பாக இருந்தது. ரயில் வரவில்லை. பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது, டிரோனை இறக்கிவிட்டேன்.

அக்காவின் போன் அடித்தது. ஆனந்தன். பங்காருபேட்டை தாண்டித் தண்டவாளத்தில் எருமைக் கூட்டம் நிற்கிறதாம். ஓட்டினால் நகர்கிறது, விட்டால் திரும்பி வந்து நிற்கிறது என்று பின்னாலிருந்து நாலு பேர் கத்தும் சத்தம் எனக்கே கேட்டது.

அப்போதுதான் நான் உண்மையைச் சொன்னேன். இருப்பது நாற்பத்தொன்றுதான் என்றும், மீதியை எங்கே தொலைத்தேன் என்றும்.

அக்கா ஒலிபெருக்கியை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். “மேட்டுமேல இன்னா இருந்துச்சி?”

“நாலு ஆடு. ஒரு கிரிக்கெட் பந்து.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மணி ரயிலில் திட்டாதது நினைவுக்கு வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஆளை வதைக்கத் தெரியும். பிராயச்சித்தமாக என் கைத்திறமையை எடுத்து நீட்டினேன்.

“ஏழாவது கம்பி அருமையா வந்திருக்குக்கா. அதை அப்படியே காப்பி பண்ணி, திருப்பி எட்டாவது இடத்துல வெச்சிர்றேன். எங்க அப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.”

“ஆளே இல்லாத கம்பியா? அவங்க இன்னா செத்தா போய்ட்டாங்க, ஆல்பத்துல ஒட்ற மாதிரி ஒட்றதுக்கு? எருமைதானே மறிச்சிகினு கீது. வருவாங்க.”

எல்லோரும் நின்றார்கள். அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, கோட்டை விட்டு நகராமல் நின்றார்கள். நிலா எழுந்து மேட்டுக்கு மேலே வந்தது. யாரோ எனக்கு ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதைக் குடிக்கும்போது மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரவில், காற்றில், முப்பதுக்குக் கீழே வந்தால் இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். இருட்டில் இறங்குவது மெதுவாகத்தான் நடக்கும், அதற்குக் கையிருப்பு வேண்டும். ஆக, எனக்குக் கிடைப்பது பதினோரு சதவீதம். இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று.

ரயில் ஊதியது. கொஞ்ச நேரத்தில் மண்பாதையில் போன் வெளிச்சங்கள் குலுங்கிக் குலுங்கி ஓடி வந்தன. சாப்பாட்டுக் கூடை, தோள்பை, கழற்றாத யூனிஃபார்ம். ஆளாளுக்குத் தன் துண்டைத் தேடினார்கள்.

“ஏத்தும்மா,” என்றார் அக்கா.

ஏற்றினேன். நாற்பதடி, நூறடி, இருநூறடி. கீழே இல்லாத காற்று மேலே இருந்தது. டிரோன் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, அதற்கே பேட்டரியைத் தின்றது. திரையில் ஏழு கம்பி கச்சிதமாக இருந்தது. எட்டாவது இடத்தில் வெளிச்சங்கள் எறும்பாக அலைந்துகொண்டிருந்தன. முப்பத்தாறு. முப்பத்து மூன்று. துண்டு கிடைத்தவர்கள் நின்றார்கள், கிடைக்காதவர்கள் குனிந்து தேடினார்கள். முப்பது.

“இறக்கறேன்க்கா.”

“இன்னும் ஒரே நிமிசம்மா. நின்னுட்டாங்க பாரு, பாதி நின்னுட்டாங்க.”

எனக்கும் ஆசைதான். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்தால் படம் கிடைத்துவிடும். ஆனால் வட்டத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண்ணை நான் பார்த்துவிட்டேன். முடியாது என்று தலையாட்டிவிட்டு இறக்கத் தொடங்கினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் மேட்டுமேல் நான் தொலைத்த பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் மிச்சம் இருந்திருந்தால் போதும்.

டிரோன் இறங்க இறங்க அதன் சத்தம் பெரிதாகி, சிவப்பு விளக்கு மினுங்கியது. அதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? மைதானம் முழுவதும் இடது கையில் அகல், வலது கையில் போன். எல்லா போனும் மேலே திரும்பியது.

என் திரை வெள்ளையாகிவிட்டது. சக்கரம் இல்லை, கம்பி இல்லை, நான் நிற்கிற நடு எங்கே என்றே தெரியவில்லை. காற்று அதை மூன்றாம் கம்பிப் பக்கம் தள்ளுகிறதா, எவ்வளவு தள்ளியிருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. நூற்றிருபதடியில் நிறுத்திவிட்டேன். இருபத்தைந்து. டிரோன் எச்சரிக்கை மணியடிக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் போனால் என்னைக் கேட்காமல் தானே இறங்கும். எங்கே இறங்கும் என்பதுதான் கேள்வி.

நான் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, “லைட்டை அணைங்க, எல்லாரும் அணைங்க,” என்று கத்தினேன். தப்பான வார்த்தை. சிலர் போனை அணைத்தார்கள், சிலர் பதறிப்போய் அகலை ஊதினார்கள், மீதிப் பேர் என்ன சொல்கிறாள் என்று என் முகத்தில் டார்ச்சை அடித்தார்கள். அப்படியே எல்லாமும் அணைந்திருந்தாலும் ஆபத்துதான். டிரோனின் அடியில் இருக்கிற கண்ணுக்குத் தரை தெரிந்தால்தான் அது ஒழுங்காக உட்காரும். கும்மிருட்டில் அதற்குத் தரையே கிடையாது. இது எனக்குத் தெரியும், கத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. இருபத்து மூன்று.

எட்டாவது கம்பியிலிருந்து ஒரு நீலச் சட்டை வெளியே வந்தது. ஆனந்தன். ரயிலில் காதுக்குள் பேசுகிற மாதிரி பேசிய மனிதரின் குரல் அந்த மைதானத்தின் கடைசி ஆள் வரைக்கும் போனது.

“ஏ, மூஞ்சில அடிக்காதீங்கப்பா. எறங்கி வருதில்ல? வர்றவன் காலுக்கு வெளிச்சம் குடுங்க.”

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அத்தனை கையும் ஒரே வாக்கில் கீழே இறங்கியது. நடுவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வெளிச்சத்தை என்னைச் சுற்றியிருந்த காலி மண்ணில் போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் தங்களுக்கு முன்னால் நின்றவர் காலடியில் போட்டார்கள். சுரங்கத்தில் எதிரே வருகிறவன் முகத்தில் தலைவிளக்கை அடித்தால் அவன் குருடனாகிவிடுவான், அடுத்த அடியில் பள்ளம் இருந்தால் போச்சு. அதனால் கிட்டே வந்ததும் தலையைத் தாழ்த்தி அவன் கால் வைக்கப்போகிற இடத்தைக் காட்டுவார்களாம். இது பிறகு அக்கா எனக்குச் சொன்னது. சுரங்கத்துக்குள் இறங்கியே பார்க்காத பிள்ளைகளுக்கும் அது கையில் இருந்தது. முதல் நாள் மண்பாதையில் எனக்குக் கிடைத்ததும் அதுதான். பெண் பிள்ளை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டது என் கற்பனை.

திரையில் வெள்ளை விலகியது. அங்கே சக்கரம் இருந்தது.

ஏழு கம்பி புள்ளி புள்ளியாக நின்ற இடத்தில் இப்போது எட்டுக் கம்பியும் வெளிச்சப் பட்டைகளாக மண்ணில் கிடந்தன. வட்டம் வட்டமாகவே இருந்தது. நடுவில் பளீரென்று ஒரு பொட்டு, அதற்குள் சின்னதாக என் தலையும் அக்கா தலையும். டிரோன் நாலைந்து அடிதான் நகர்ந்திருந்தது. என் கட்டைவிரல் தானாகப் படத்தை அழுத்தியது. ஒரே ஒரு தடவை. பிறகு அதை நேர்ப்படுத்தி, அந்தப் பொட்டைப் பார்த்து இறக்கினேன். தரையைக் கண்டதும் அது கொஞ்சமும் தயங்காமல் என் காலுக்கு இரண்டடி முன்னால் உட்கார்ந்தது. பதினாறு சதவீதம். புழுதி அடங்கும் வரை நானும் அதற்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

அக்கா திரையை வாங்கி விரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு என்று எட்டு வரைக்கும். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். “கெழங்கு இல்ல,” என்றார் என்னிடம். பிறகு பக்கத்திலிருந்த எல்லோரிடமும் அதையே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்தார்.

“எட்டாவது கம்பிகிட்ட பாரு. ஒரு ஆளு கோட்டுக்கு வெளிய நிக்குது. யாரது?”

பெரிதாக்கிப் பார்த்தோம். நீலச் சட்டை. வாய் திறந்திருந்தது.

“இவரா. இத்தினி அழகா நிக்குது, ஒரு ஆளால கோணலாச்சி பாரு. இத நவுத்திக் கம்பில வெச்சிர முடியுமா?”

“ரெண்டு நிமிஷ வேலைக்கா,” என்றேன். உண்மையிலேயே ரெண்டு நிமிஷ வேலைதான். ஊருக்குப் போய்ச் செய்து அனுப்புவதாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஆனந்தன் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் விடியும் முன்பே ரயில். மூன்று நாள் லீவு முடிந்து அக்காவும் ஷிப்டுக்கு வந்தார். பெட்டியில் ஜன்னலோரம் ஒரு கைக்குட்டை கிடந்தது. இந்தத் தடவை நான் ஜாக்கிரதையாகத் தள்ளி நின்றேன். மணி என்னைப் பார்த்து, “உங்களுக்குத்தாங்க போட்டேன். குந்துங்க,” என்றார்.

ரயில் கிளம்பியதும் படம் போன் போனாகப் போனது. ஆளாளுக்குத் தன் புள்ளியைத் தேடினார்கள். ஆனந்தன் எதிர் சீட்டில் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிவிட்டார். அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“அந்தப் புள்ளிய நவுத்திட்டியா?”

“இல்லக்கா. கம்ப்யூட்டர் வேணும், ஊருக்குப் போய்த்தான்.”

“நவுத்தாத.”

“ஏன்க்கா?” என்றேன்.

“கல்யாணம் ஆன நாள்லருந்து பாக்கறேன். ஷிப்டு, ரேஷன் கடை, ரயிலு, எல்லா எடத்துலயும் சொன்ன எடத்துல நிக்கற மனுசன். நேத்துதான் ஒரு வாட்டி வெளிய வந்தாரு. அப்படியே இருக்கட்டும்.”

திண்டுக்கல் வந்து அதைச் சுவர் அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை.